தேசிக்காய்த் தண்ணி

யூலியானா அக்கா வீட்டில் சோற்றுப்பானையைக் கவிழ்த்து வைத்த அன்று, அந்த வீட்டில் வயிறு காயப்போவது நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். நான் நெடுந்தீவில் படிப்பிக்க வந்தவள், ஊர் வடமராட்சி. திங்கட்கிழமை விடியக் குறிகட்டுவான் துறையில் லோஞ்சு ஏறினால் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் திரும்பிப் போகலாம். கிழமை நாட்களில் அவர்கள் வீட்டு முன்னறையில் தங்கி, அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டு வந்தேன். மூன்று நேரமும் சோறும் பிட்டும் இடியப்பமுமாக வளர்ந்த உடம்பு என்னுடையது. அதை ஒரு நாளில் மாற்றச் சொன்னால் கோபம் வராதா?

அக்காவின் புருசன் எமிலியானுஸ் அண்ணைக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம். நண்டு வலைத் தொழில் செய்கிறவர். மார்கழியில் கரையில் இறங்கும்போது சிப்பி ஒன்று அவருடைய உள்ளங்காலைக் கீறிவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு கிழமையில் ஆறிப்போகிற காயம், அவருக்குத் தைப்பொங்கல் கழிந்தும் வாய் திறந்தபடி கிடந்தது. அவருடைய தமையனுக்கும் இப்படித்தான் ஒரு சின்னக் காயத்தில் தொடங்கியதாம். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலோடு எடுத்தார்கள். கடைசி வருசம் முழுவதும் அந்த மனிதர் கதிரையில் இருந்து கடலைப் பார்த்தபடியே கிடந்து செத்துப்போனார். அந்தக் கதிரையை அண்ணை வீட்டுக்குள் வைக்க விடவில்லை, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்.

மகள் நிமலினி பிரான்சில் இருக்கிறாள். அவள் தொலைபேசியில் வந்து சொன்னதுதான் இந்தச் சோறு நிறுத்தும் கதை.

"அப்பா, இஞ்ச எங்களோட வேலை செய்யிற ஒராளுக்குச் சீனி உங்களிலும் பாக்கக் கூட. சோறு, பாண், மா, கிழங்கு எல்லாத்தையும் விட்டிட்டு மீன், முட்டை, தேங்காய், நெய், இலைவகை எண்டு சாப்பிட்டவர். ஆறு மாசத்தில ஆள் வேற ஆளாப் போனார்."

"அப்ப பசிக்காதே பிள்ளை?" என்றார் அண்ணை.

"கொழுப்புச் சாப்பிட்டாப் பசி எடுக்காதாம் அப்பா. நீங்கள் கடல்காரர். உங்களுக்கு மீனுக்குப் பஞ்சமே?"

யூலியானா அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிற மனுசி இல்லை. அன்றைக்கே அரிசிப் பெட்டியை மூடினா. மா வாளியைத் தம்பி ஜெகதீஸ் வீட்டுக்கு அனுப்பினா. ஆனால் முதல் கிழமையே ஒரு பிழை விட்டா. ஒடியல் மா பனையிலிருந்து வருகிறது, அரிசியும் இல்லை கோதுமையும் இல்லை, ஆகவே அது கணக்கில் சேராது என்று நினைத்து, காலையும் மாலையும் ஒடியல் பிட்டு அவித்துக் கொடுத்தா. நிமலினி வீடியோவில் தட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"அம்மா, உதும் மாதானே. பெயரைப் பாருங்கோ, ஒடியல் மா."

"பனை எண்டா நல்லதெண்டுதானே எல்லாரும் சொல்லுறவை" என்று முணுமுணுத்தபடி அக்கா அந்தப் போத்தலையும் ஜெகதீஸ் வீட்டுக்கு அனுப்பினா. ஜெகதீஸின் வீடு அந்த மாதம் நன்றாகத்தான் சாப்பிட்டது.

அதன்பிறகு சாப்பாடு ஒழுங்குக்கு வந்தது. காலையில் நெய்யில் பொரித்த முட்டை இரண்டு, மூன்று. நெடுந்தீவில் மாடுகளுக்குக் குறைவில்லை, பக்கத்து வளவு இராசேஸ்வரி அக்கா கடைந்த நெய் மணத்தாலேயே ஆளை எழுப்பும். மத்தியானம் முதல் பாலில் வைத்த மீன் சொதி, கணவாய்ப் பிரட்டல், தேங்காய்ப்பூப் போட்ட முருங்கையிலை வறை. இரவில் ஒட்டி மீனோ சுறாவோ புளி விட்டு. சோறில்லாமல் சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பது எனக்கு முதலில் அந்தரமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி. அன்றைக்கு எனக்கென்று தனியே ஒரு பிடி அரிசி போட்டு, அண்ணையின் கண்ணில் படாமல் குசினிக்குள் வைத்துத் தருவா. கள்ளச் சாராயம் குடிப்பவள் போல நான் சோறு தின்றேன்.

ஆனால் பலன் தெரிந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. தைமாதம் முடியுமுன் அண்ணையின் வயிறு வற்றியது. மத்தியானத்தில் விறாந்தையில் கிடந்து தூங்கி வழிகிறவர், இப்போது சாப்பிட்ட கையோடு கிழிந்த வலை பொத்தப் போய் இருந்தார். காலில் காயம் விளிம்பிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் காலைத் தூக்கி என்னிடம் காட்டுவார்.

"பாரும் ரீச்சர், நேற்றையிலும் பாக்கச் சின்னன் என்ன?"

"ஓம் அண்ணை, சின்னன்தான்."

கிளினிக்குக்குப் போன நாளில் துள்ளிக்கொண்டு வந்தார். சீனி நன்றாக இறங்கியிருந்ததாம்.

"டொக்டர் பிள்ளை கேட்டவ, ஐயா என்ன செய்தனீங்கள் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்ன மாதிரித்தான் பிள்ளை, குளிசையை நேரத்துக்குப் போட்டனான் எண்டு சொன்னன்."

"சாப்பாடு மாத்தினதைச் சொல்லேல்லையோ?"

"ஏன் சொல்லுவான்? ரெலிபோனில வாறதைக் கேட்டு ஆடுறீங்கள் எண்டு போனமுறை ஒராளைப் பிடிச்சு ஏசினவ. மற்றது, அவ சந்தோசமா இருந்தவ. அதைக் கெடுப்பானேன்?"

அவர் சொன்னதில் பாதி பயம், பாதி மரியாதை. டொக்டர் தந்த குளிசையை ஒரு நாளும் தவற விட்டதில்லை. காலையும் பின்னேரமும் பழைய அளவிலேயே விழுங்கினார். சீனியைச் சாப்பாடும் இறக்கியது, குளிசையும் சேர்ந்து இறக்கியது. அது எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு பனங்கட்டிக் குட்டான் இருக்கும். ஓலையில் பின்னிய சின்னக் கூடைக்குள் வார்த்த பனைவெல்லக் கட்டி அது. வெறுந்தேத்தண்ணிக்குக் கடித்துக்கொள்வார்கள். அக்கா அதையும் எடுத்துவிட்டா.

மாசிப் பௌர்ணமிப் போயா நாளில் பள்ளிக்கூடம் இல்லை. ஒரு நாள் விடுமுறைக்கு லோஞ்சு ஏறி ஊருக்குப் போவது வீண் அலைச்சல் என்று நின்றுவிட்டேன். அக்காவோடு கரைக்குப் போனேன். வலையோடு கரையேறும் நண்டுகளைக் கழற்றுவது பெண்களின் வேலை. அக்காவின் கை சின்னக் கத்தியோடு வலைக்கண்களுக்குள் போய் வரும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் ஒரு நண்டைக் கழற்றி முடிக்க அவ ஒரு வரிசையை முடித்துவிடுவா.

வள்ளம் வந்தது. ஜெகதீஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான். அவன் அக்காவின் தம்பி, அத்தானோடு ஒரே வள்ளத்தில் தொழில்.

"அக்கா, அத்தானை ஒருக்காப் பார். கரை எந்தப் பக்கமெண்டு என்னட்டைக் கேக்கிறார்."

அண்ணை வள்ளத்தின் முன் அணியத்திலிருந்து இறங்கியவர் வலைமேலேயே விழுந்தார். எழும்ப முயலாமல் சிரித்தார். முகமெல்லாம் வியர்வை. ஜெகதீசைச் செத்துப்போன தமையனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அந்தக் கதிரையை எடுத்து எறியும்" என்றார். நாக்குத் தடித்திருந்தது.

யூலியானா அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மூன்று வருசத்துக்கு முன்வரை அண்ணை குடித்தவர். குடித்தால் வலையையும் மறப்பார், வீட்டையும் மறப்பார். ஒரு தவசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்திய நோன்பு நாட்களில், கச்சதீவுத் திருநாளுக்குப் போய், அந்தோனியாரின் முன்னால் இனித் தொடமாட்டேன் என்று நேர்ந்தார். அங்கேயே அக்கா கறுப்புக் கயிற்றில் அந்தோனியார் பதக்கமொன்றைக் கோத்து அவர் கழுத்தில் கட்டிவிட்டா. அதற்குப் பிறகு அவர் ஒரு துளி தொடவில்லை. அந்தக் கரையில் தன் புருசனைப் பற்றித் தலை நிமிர்த்திப் பேசக் கூடியவளாக அக்கா இருந்தது அந்தக் கயிற்றால்தான்.

"குடிச்சிட்டார்" என்றா அக்கா.

"விடிய என்னோடதான் வந்தவர், எப்ப குடிச்சவர்?" என்றான் ஜெகதீஸ். பிறகு அவனே, "ஆருக்குத் தெரியும், கரையில நான் எண்ணெய் ஊத்தப் போன நேரம் ஆரும் குடுத்திருப்பினம்" என்றான்.

தேத்தண்ணிக் கடையிலிருந்து யாரோ எலுமிச்சை பிழிந்த தேசிக்காய்த் தண்ணி கொண்டு ஓடிவந்தார்கள். வெறி முறிக்க எங்கள் பக்கத்தில் செய்கிற கைவைத்தியம் அது. கடைக்காரர் கைதாராளமானவர், சீனியை அள்ளிப் போட்டிருந்தார். அண்ணை ஒரு கோப்பையைக் குடித்தார், இன்னொன்றையும் குடித்தார். சிறிது நேரத்தில் எழும்பி இருந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "என்ன, ஏன் எல்லாரும் நிக்கிறியள்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"முறிஞ்சிட்டுது" என்றார் ஒருவர். கரை முழுவதும் அதை ஒத்துக்கொண்டது. தேசிக்காயில் தெளிந்தது வெறி இல்லாமல் வேறென்னவாக இருக்கும்?

அக்கா கிட்டப் போனா. நண்டு கழற்றுகிற கத்தியை அவர் கழுத்துக் கயிற்றுக்குள் விட்டு ஒரே இழுப்பில் அறுத்தா.

"அந்தோனியாரைக் கழுத்தில கட்டிக்கொண்டு குடிக்கிற ஆளுக்கு உது என்னத்துக்கு? குடிகாரன்."

எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னா. அண்ணை கழுத்தைத் தடவிப் பார்த்தார். "நான் குடிக்கேல்லை யூலி" என்றார். பிறகும் இரண்டு தரம் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நான் சொன்னேன், அவரைத் தூக்கும்போது கிட்ட நின்றனான், மணமொன்றும் வரவில்லையே அக்கா என்று.

"ரீச்சர், நீங்கள் சைவக்கார வாத்தியார் வீட்டுப் பிள்ளை. உங்களுக்குக் கள்ளு மணக்குமே, சாராயம் மணக்குமே? இருவது வருசம் அந்த மணத்தோட படுத்தெழும்பினவள் நான்."

"அப்ப உங்களுக்கு மணந்ததோ?"

அக்கா என்னை முந்திக்கொண்டு நடையைக் கூட்டினா. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் நான் அந்த வீட்டில் அறைக்கு இருப்பவள், அதற்கு மேல் எப்படிப் பேசுவது?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நெய் மணந்ததே தவிர பேச்சில்லை. தட்டைக் கொண்டுவந்து வைப்பா, அண்ணை சாப்பிடுவார், தட்டை எடுத்துப் போவா. பதக்கத்தை வீட்டு அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்திருந்தா. அண்ணை செபம் சொல்லும்போது அதைப் பார்ப்பார், கையால் தொடமாட்டார். ஒரு பின்னேரம் வலை பொத்திக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், வெறியில செய்தது மறந்துபோறது உண்டு. எனக்கு அது முந்தி நடந்திருக்கு. அண்டைக்கு வள்ளத்தில என்ன நடந்ததெண்டு எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. நான் குடிச்சனோ எண்டு எனக்கே இப்ப தெரியேல்லை."

"நீங்கள் குடிக்கேல்லை அண்ணை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

ஒரு மனிதரைத் தன்னையே நம்பாத அளவுக்குக் கொண்டுவந்து விட்டார்களே என்று மனம் எரிந்தது.

தவசு காலம் தொடங்கியது. அக்கா ஒரு முடிவு சொன்னா. பிழைக்குப் பரிகாரமாக அண்ணை வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருக்க வேண்டும், ஒரு நேரம் மட்டும், அதுவும் பின்னேரச் சிலுவைப்பாதை முடிந்த பிறகுதான் சாப்பாடு. மற்றவர்களைப் போல மத்தியானம் ஒரு பிடி பிடிக்கக் கூடாது. அண்ணை தலையாட்டினார். தான் செய்யாத பாவத்துக்கு இவ்வளவு பணிவாகத் தலையாட்டிய ஆளை நான் கண்டதில்லை.

"குளிசை?" என்று மட்டும் கேட்டார்.

"குளிசையை விடக்கூடாது. அது டொக்டர் தந்தது" என்றா அக்கா.

முதல் வெள்ளிக்கிழமையே அது நடந்தது. லோஞ்சு இயந்திரம் பழுது, ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். நானும் பள்ளிக்கூடம் விட்டபின் ஊருக்குப் போகாமல் வீட்டில் நின்றேன். வெயில் கல்வேலியில் பட்டுக் கண்ணைக் கூசியது. அண்ணை காலையில் குளிசை போட்டுவிட்டு, வெறுந்தண்ணியோடு வளவில் விறகு கொத்திக்கொண்டு நின்றார். கோயிலுக்குப் போகக் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, முன் விறாந்தையில் வந்து இருந்தார். சேட்டுப் பொத்தான்களைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறின. பிறகு தலை சரிந்தது.

"அக்கா" என்று நான் கூப்பிட்ட குரலில் அவ ஓடிவந்தா.

அண்ணையின் சேட்டு வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. ஏதோ முனகினார்.

"ஒருசந்தி நாளில. சிலுவைப்பாதைக்குப் போற நேரத்தில" என்றா அக்கா. குசினிக்குள் போய்ப் புளியைக் கரைத்து உப்புப் போட்டுக் கொண்டுவந்தா.

"தேசிக்காய் இருந்ததே அக்கா. அண்டைக்கு மாதிரி."

"அண்டைக்கு அந்தக் கடைக்காரன் சீனியை அள்ளிப் போட்டிட்டான். வருத்தக்காரனுக்குச் சீனி குடுக்கலாமே? புளியும் வெறியை முறிக்கும்."

புளித்தண்ணி வாய் ஓரத்தால் வழிந்தது. அண்ணை தெளியவில்லை. அக்கா இன்னும் கொஞ்சம் ஊற்றப் போனா, நான் கையைப் பிடித்தேன். அவ மூக்கை அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனா. இன்னொரு தரமும் குனிந்து முகர்ந்தா.

"மணக்கேல்லை ரீச்சர்" என்றா. அந்த இரண்டு சொல்லில் மனுசி உடைந்துபோனதை நான் கண்டேன்.

நான் தெருவுக்கு ஓடினேன். ஜெகதீஸ் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தவுடனே ஓடத் தொடங்கினா. கை நரம்பில் ஊசி ஏற்றினார்கள். நாங்கள் சுவரோடு நின்றோம். அக்கா செபமாலையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தா, செபம் ஒன்றும் வரவில்லை. ஊசி முடிவதற்குள் அண்ணை கண்ணை விழித்து, "சிலுவைப்பாதை முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

டொக்டர் வெளியே வந்தா. சின்னப் பிள்ளை, எனக்கும் இளையவ.

"அம்மா, ஐயாவுக்குச் சீனி அடியோட விழுந்திருக்கு. இன்னும் சுணங்கியிருந்தா ஆளைத் திருப்பி எடுத்திருக்க ஏலாது. என்ன சாப்பிட்டவர் இண்டைக்கு?"

"ஒண்டுமில்லை" என்றா அக்கா.

"நேற்று?"

அக்கா சொல்லத் தொடங்கினா. சோறு விட்டது, பாண் விட்டது, நெய், முட்டை, தேங்காய்ப்பால், குட்டானை எடுத்தது, கரையில் விழுந்தது, தேசிக்காயில் தெளிந்தது. டொக்டர் எல்லாவற்றையும் துண்டில் குறித்தா. முடிந்ததும் நெற்றியைத் தடவினா.

"அண்டைக்கும் இதுதான் அம்மா. சீனி விழுந்தா ஆள் வெறியில நிக்கிற மாதிரித்தான் இருப்பார். உளறுவார், தள்ளாடுவார். அவரைக் காப்பாத்தினது தேசிக்காய் இல்லை, அதில கிடந்த சீனி. இண்டைக்கு வாயில ஊத்தின புளித்தண்ணி புரைக்கேறாமல் விட்டது பெரிய காரியம்."

"அப்ப சோத்தை விட்டது பிழையோ டொக்டர்?" என்று ஜெகதீஸ் கேட்டான்.

"அது நல்லாத்தான் வேலை செய்திருக்கு. கால் மாறினதைப் பாருங்கோ. என்னட்டைச் சொல்லியிருந்தா அண்டைக்கே குளிசையைக் குறைச்சிருப்பன். மாவும் சோறும் இல்லாத உடம்புக்கு அந்தளவு குளிசை தாங்காது. குளிசையை நான் மாத்துறன், சாப்பாட்டைத் தொடருங்கோ, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வந்து காட்டுங்கோ. ஒருசந்தி இப்ப வேண்டாம், ஃபாதரோட நான் கதைக்கிறன். கடலுக்குப் போகேக்க கையில இனிப்பு இருக்கவேணும்." பிறகு குரல் தணிந்தது. "நானும் ஏசாமல் கேட்டிருக்கலாம்."

அக்கா ஒன்றைத்தான் கேட்டா.

"அப்ப இவர் குடிக்கேல்லை."

"இல்லை அம்மா. அண்டைக்கும் இல்லை, இண்டைக்கும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டுக்கு வந்தார். அக்கா சுரூபத்தின் காலடியிலிருந்து பதக்கத்தை எடுத்து, புதுக் கறுப்புக் கயிறொன்றில் கோத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றா. அண்ணை அதைப் பார்த்தார், கையை உயர்த்தி மறித்தார்.

"இஞ்ச வேண்டாம்."

"இஞ்சாருங்கோ, நான் பிழை விட்டிட்டன். என்னை மன்னியுங்கோ."

"நான் குடிக்கேல்லை எண்டு அந்தோனியாருக்குத் தெரியும். எனக்கே தெரியாமல் போச்சு, அதுதான் பெரிய நோ. நீர் கரையில வைச்சு வெட்டினனீர். கரையில வைச்சுக் கட்டும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அக்காவுக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்றைக்கு முழுவதும் அவ குசினிக்குள்ளேயே நின்றா. நான் போனபோது அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா நின்றா.

"சனத்துக்கு முன்னால எப்பிடி ரீச்சர்?" என்றா.

"அண்டைக்கும் சனம் நிண்டதுதானே அக்கா." எனக்கு இரக்கம் இருந்தது. ஆனாலும் அதை மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த நாள் டொக்டர் கடலுக்கு விடவில்லை, அதற்கடுத்த கிழமைதான் விட்டா. அந்தக் காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியைக் கரைப்பக்கமாக மாற்றினேன். வலைகள் வள்ளங்களில் ஏறிக்கொண்டிருந்தன. ஜெகதீஸ் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றான். தேத்தண்ணிக் கடைக்காரரும் நின்றார்.

அக்கா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தா. பெட்டியைத் திறந்து, மேலே இருந்த பனங்கட்டிக் குட்டானை ஜெகதீசுக்குக் காட்டினா. "இது அத்தானுக்கு. ஆள் வியர்த்தா, உளறினா உடன குடு. கேக்காத, குடு." பிறகு பெட்டியை மணலில் வைத்துவிட்டு அண்ணைக்கு முன்னால் போனா.

"எல்லாரும் கேளுங்கோ" என்றா. "என்ர மனுசன் குடிக்கேல்லை. வருத்தத்தில விழுந்த ஆளை நான்தான் குடிகாரன் எண்டு சொன்னனான். பிழை என்ர."

யாரோ இருமினார்கள். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நண்டு கழற்றும் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்தா. அக்கா கயிற்றை அண்ணையின் கழுத்தைச் சுற்றிப் போட்டு முடிந்தா. வலைக்கண் முடிச்சுக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவ அவ. அன்றைக்கு விரல்கள் கேட்கவில்லை.

அண்ணை பதக்கத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். முடிச்சு வழுக்கியது.

"இறுகேல்லை யூலி" என்றார். "வடிவாக் கட்டும்."

அக்கா அழுதபடி அதை அவிழ்த்தா. அண்ணை கழுத்தை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார். அவ முதலிலிருந்து கட்டத் தொடங்கினா, கட்டி முடியும்வரைக்கும் ஜெகதீஸ் இயந்திரக் கயிற்றை இழுக்காமல் நின்றான்.